தரை கிட்டே தெரிந்தால்

முதலில் கேபிள்தான் சரியில்லை. கண்ணில் மாட்டும் ஹெட்செட்டோடு பெட்டியில் வந்தது குட்டையாக இருந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், என் மனைவியின் நாற்காலி ஜன்னல் பக்கம். நடுவில் ஒரு முழம் போதவில்லை. கடைக்குப் போய் நீளமான ஒன்றை வாங்கி வந்தேன். அதில் மின்சாரம் போனது, படம் போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இப்படிப்பட்ட அற்ப விஷயத்தில்தான் மனிதனுக்கு ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. ஆரம்பம் என்றால் எனக்கு இந்தக் கேபிள்தான் நினைவுக்கு வருகிறது. விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது தேவையில்லாத விவரமாகத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நான் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைத் தேய்த்து, வெட்டி, ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. பத்தொன்பது வருடமாகிறது. வருகிறவர்களின் இரண்டு கண்மணிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சின்ன அளவுகோலை மூக்கின் மேல் வைத்து அளப்பேன். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் போட்டவருக்குத் தலை வலிக்கும். எனக்கே வலது கண்ணில் பார்வை கிடையாது, பிறவியிலிருந்தே. வாடிக்கையாளர்கள் பலருக்கு அது தெரியாது. தெரிந்த சிலர், ஒற்றைக்கண்ணனிடம் கண்ணாடி போட வந்தோமே என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

என் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து கப்பலிலிருக்கும் கன்டெய்னரைத் தூக்கி லாரியின் முதுகில் வைக்க வேண்டும். அவள் வைத்தால் சத்தமே வராது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டதும் இல்லை.

போன வருடம் அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். ஊருக்கு வெளியே ஒரு கிளப் இருக்கிறது; இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சனி, ஞாயிறு காலையில் போய்விட்டு மத்தியானம் வருவாள். அந்த ஐந்து மணி நேரம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பை மறுபடி துடைப்பேன். வாசலுக்குப் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உள்ளே வருவேன். மேலே ஏதாவது சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன்; அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாராக இருக்கும். அவள் திரும்பி வந்ததும் அந்தப் படபடப்பு அடங்க வேண்டுமல்லவா? அடங்காது. அவள் வந்த பிறகும் வரவில்லை என்பதுபோல் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை மெல்லப் பின்னால் இழுப்பாள், இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே விமானத்தின் மூக்கைத் தூக்குவதுபோல.

பிறகு ஓடுபாதையைச் செப்பனிட மூன்று மாதம் மூடினார்கள். கை மறந்துபோகக் கூடாதென்று அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டரை ஏற்றினாள், ஹெட்செட்டும் வரவழைத்தாள். அதை மாட்டிக்கொண்டால் திரையைப் பார்ப்பதுபோல் இருக்காது, விமானத்துக்குள்ளேயே இருப்பதுபோல் இருக்கும் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் இணைத்து வேலை செய்யவைப்பது என் பொறுப்பானது.

கேபிளைச் சரிசெய்த பிறகு கறுப்புத் திரை வந்தது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஹெட்செட்டின் மென்பொருளை முதலில் திறக்க வேண்டும். அது தயார் என்று சொன்ன பிறகே சிமுலேட்டரைத் திறக்க வேண்டும். விமானம் ஓடுபாதையில் வந்து நின்ற பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் இருப்பது கண்ணுக்குள் போகும். வரிசை மாறினால் இருட்டு. அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள். படம் வந்ததும் திணறல். அவள் தலையைத் திருப்பினால் உலகம் அரை நொடி கழித்துத் திரும்பியது. இரண்டு தடவை வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். நான் மேகங்களைக் குறைத்தேன், மரங்களைக் குறைத்தேன், நிழல்களை எடுத்தேன். முகத்துக்கு நேராக ஒரு மேஜை விசிறி வைத்தேன். காற்று பட்டால் குமட்டல் குறையும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் எல்லாம் சரியாகிவிட்டது. அவளிடம் நான் சொன்னது இருபத்திரண்டாம் நாள்.

இடைப்பட்ட நாட்களில், அவள் வேலை முடிந்து வருவதற்கு முன் கேபிளை அதன் துளையிலிருந்து நகக்கண் அளவு வெளியே இழுத்து வைப்பேன். ஹெட்செட் உயிர் பெறாது. அவள் உடைகூட மாற்றாமல் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடிப்பாள். ஸ்க்ரூடிரைவர் எடுத்துத் தருவாள். தோள்மேல் தோள் பட, மேஜைக்கு அடியில் இரண்டு பேரும் தலையை நுழைத்துக்கொண்டு இருப்போம். நமக்கு இதை விட்டால் வேறு பிழைப்பே இல்லையா என்று சிரிப்பாள். அந்தப் பதின்மூன்று நாளில் எனக்கு அடுப்பைத் துடைக்கவே தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள், கிளப்பில் ஒருவர் இருக்கிறார், பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார், நாளைக்குக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே அது வேலை செய்தது.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு அதை மாட்டிக்கொண்டால் எட்டு மணிக்குத்தான் கழற்றுவாள். ஆள் நாற்காலியில் இருந்தாள், வீட்டில் இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் இடது பக்கம் குனிந்து எதையோ பார்த்துச் சிரிப்பாள். அங்கே துணிக்கூடைதான் இருக்கும். ஒரு நாள் என்னையும் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். மாட்டினேன். ஒரு கண் மட்டும் உள்ளவனுக்கு அது தட்டையான படம், அவ்வளவுதான். “எவ்ளோ ஆழம் பாருங்க, கீழ விழுந்துடுவோமோன்னு இருக்கில்ல?” என்றாள். ஆமாம் என்றேன்.

அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்த எண்ணைப் பார்த்தேன். எங்கள் கடை ஒன்றிலிருந்து மூன்று வரை மூடியிருக்கும். சாப்பிட வீட்டுக்கு வருவேன். ஹெட்செட்டின் அமைப்புகளில், எல்லாவற்றுக்கும் கீழே, உலகத்தின் அளவு என்று ஒரு வரி. அதற்கு நேராக நூறு. நூறு என்றால் தரை எங்கே இருக்கிறதோ அங்கே தெரியும். குறைத்தால் தரை கிட்டே வரும், கூட்டினால் விலகிப் போகும். எனக்கு அதைக் கண்ணால் சரிபார்க்க வழியில்லை. ஆனால் கணக்கு புரிந்தது. தினமும் அளவுகோலை மூக்கின் மேல் வைப்பவனுக்குப் புரியாமல் போகுமா?

புதுக் கண்ணாடி போட்டவர்கள் மறுநாளே கடைக்கு வருவார்கள். தரை மேலே எழும்பி வருவதுபோல் இருக்கிறது என்பார்கள். நான்கு நாள் போடுங்கள், பழகிவிடும் என்போம். பழகிவிடும். கண்ணுக்குப் பிடிவாதம் கிடையாது. தினமும் எதைக் கொடுக்கிறோமோ அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

நூறைத் தொண்ணூற்றேழு ஆக்கினேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கியது.

சாயங்காலம் அவள் மூன்று தடவை இறக்கினாள். மூன்றும் முரட்டு இறக்கம். ஏழு மணிக்கே ஹெட்செட்டைக் கழற்றிவிட்டாள். கழற்றியதும் அவள் முதலில் பார்த்தது என்னைத்தான். சாப்பிடும்போது முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், எங்கே தவறியது, எப்போது மூக்கைத் தூக்கியிருக்க வேண்டும் என்று. என்னிடம் சொன்னாள், ஐயா. வேறு யாரிடமும் இல்லை.

ஒரே எண்ணில் விட்டிருந்தால் நான்கைந்து நாளில் அவள் கண் பழகியிருக்கும். அதனால் விடவில்லை. தொண்ணூற்றேழு, நூற்று மூன்று, நூறு, தொண்ணூற்று நான்கு, நூற்றிரண்டு. உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் நாற்பத்தேழு மாற்றங்களைக் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். ஐம்பது இருக்கும். ஆரம்பத்தில் சிலது பதிவாகாமல் போயிருக்கலாம். எதையும் மறைக்க நான் முயலவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு விஷயம் நான் எதிர்பார்க்காதது. ஐந்தாவது வாரம் அவள் வேலையிலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். அன்று ஒரு கன்டெய்னரை லாரியில் இறக்கும்போது அதன் மூலை ஓட்டுநர் உட்காரும் பகுதியில் இடித்துவிட்டதாம். கூரை நசுங்கிவிட்டது. ஓட்டுநர் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார், அதனால் ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றாள். கீழே கயிற்றைப் பிடித்து நிற்கிற ஆள்களின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்றாள். நான்தான் லீவு போடச் சொன்னேன். நானே சமைத்தேன். அன்று எண்ணை நூறில் வைத்தேன், மறுநாளும் தொடவில்லை. அதையும் உங்கள் நிபுணர் பார்த்திருப்பார். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

ஓடுபாதையைத் திறந்ததும் மறுபடி கிளப்புக்குப் போனாள். இப்போது நானும் கூடப் போக ஆரம்பித்தேன். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, அங்கே உட்கார்ந்திருப்பேன். உட்கார முடியாமல் வேலியோரமாக நடப்பேன். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், அறுபது தாண்டியவர். அதிர்ந்து பேச மாட்டார். முதல் நாள் விமானம் பந்து மாதிரி மூன்று தடவை எகிறியது. இரண்டாம் நாள் தரைக்கு மேலே தொங்கிவிட்டுத் தொப்பென்று விழுந்தது. இரண்டு தடவையும் மாஸ்டர் கை போட்டுக் காப்பாற்றினார்.

அவள் முகம் கழுவப் போயிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கை சரியா இருக்கு, கால் சரியா இருக்கு. கண்ணுதான் ஒரு நாள் பாக்கிற மாதிரி மறுநாள் பாக்கல. நீங்க கண்ணாடிக் கடைக்காரர்தானே, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்,” என்றார்.

நான் பார்த்தேன். கடை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, எங்களிடம் உள்ள எல்லாச் சோதனையும் செய்தேன். இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கிறதா என்று பார்க்கப் புள்ளிப் படங்கள் இருக்கின்றன. கடைசிப் படம் வரை தவறில்லாமல் சொன்னாள். என் பத்தொன்பது வருடத்தில் அப்படிச் சொன்னவர்கள் நான்கு பேர்தான். சொல்லிவிட்டு, தேர்வு எழுதிய பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வதில் சின்னப் பிசகு இருக்கிறது என்றேன். வயது ஏறும்போது சிலருக்கு வரும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். போனால் எழுத்தில் ஏறிவிடும், பிறகு விமானமும் ஓட்ட முடியாது கிரேனும் ஓட்ட முடியாது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கடையில் சோதனைப் பலகையின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி ஒரு காலை எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தானாகவே, சரி போதும் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் நான் எதுவும் திட்டமிடவில்லை.

ஆனால் மாஸ்டர் வேறொரு யோசனை சொன்னார். அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் ஓரமாக வை, நிஜத் தரையை மட்டும் பார் என்றார். அவள் ஹெட்செட்டைப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தாள். லீவில் இருந்ததால் வார நாளிலும் கிளப்புக்குப் போனாள். பதினாறு நாள். முதல் வாரம் தடுமாறினாள். இரண்டாவது வாரம் ஒரு காலையில் நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்றே தெரியாமல் விமானம் ஓடி வந்தது. மாஸ்டர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், நான் எதையும் தொடவில்லை என்பதற்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். “லைசென்ஸ் வந்ததும் முதல்ல உங்களைத்தான் கூட்டிட்டுப் போவேன். பயப்படாம என் பக்கத்துல உக்காந்துக்கோங்க,” என்றாள். வருகிறேன் என்றேன். சனிக்கிழமை அவள் முதல்முறையாகத் தனியே பறக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கடையில் மூன்று லென்ஸ்களை உடைத்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு இடமும் வலமும் மாற்றிப் பொருத்திவிட்டேன். முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வீட்டுக்குப் போனால் அவள் பாட்டு. கடைக்கு வந்தால் என் கைக்கு அடியில் தேய்க்கிற சக்கரத்தின் சத்தம், அது ஓயாமல் விமானம் மாதிரியே கேட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெட்செட்டை எடுத்து, தூசி துடைத்து, நானே இணைத்து வைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும், தனியாகப் போகும் முன் ஒரு தடவை வீட்டில் பார்த்துவிட்டால் தைரியமாக இருக்குமே என்றேன். மாஸ்டர் திட்டுவார் என்றாள். மாஸ்டருக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்றேன். அவளுக்கும் ஆசை இருந்தது. மாட்டிக்கொண்டாள்.

அதுவரை நான் தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனதில்லை. அன்று எண்பத்தாறு வைத்திருந்தேன்.

தரை இல்லாத இடத்தில் தரை தெரிந்தது அவளுக்கு. உயரத்திலேயே மூக்கைத் தூக்கினாள். விமானம் தொங்கி விழுந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி அதேதான். ஆறாவது தடவைக்குப் பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் அதன் தடம் சிவப்பாக இருந்தது.

“ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. இதுல ஏதாவது மாத்தினீங்களா?”

“இல்லையே. துடைச்சு மாட்டினேன், அவ்வளவுதான்.”

“நிஜமா?”

“நான் எதுக்குமா மாத்தப் போறேன்?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். “அப்போ என் கண்ணுதான்,” என்றாள். “திரும்பி வந்துடுச்சு.”

சனிக்கிழமை போக வேண்டாம், மாஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை, காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. இதைச் சமாளிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். கண் விஷயத்தில் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நான் ஒரு வழி சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை வெயில் தெளிவாக இருந்தது. காற்று இல்லை. மாஸ்டர் அவளோடு ஒரு சுற்று போய் வந்தார். அந்த இறக்கம் கொஞ்சம் அழுத்தமாக இருந்ததாம், முதல் நாள் பதற்றம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவர் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அவள் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விமானம் ஒரு வட்டம் போட்டு, தூரத்தில் திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்தது. நேர்கோட்டில், அழகாக வந்தது. மூக்கைத் தூக்க வேண்டிய இடம் எனக்கே தெரியும். அவ்வளவு நாள் பார்த்ததில் ஒற்றைக்கண்ணுக்கும் பழகியிருந்தது. அந்த இடம் கடந்தது. மூக்கு எழவில்லை.

முன்சக்கரம் முறிந்தது. விமானம் சறுக்கி இடது பக்கப் புல்வெளிக்குள் போனது. அங்கே ஒருவர் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்காகக் காதில் மஞ்சள் நிற அடைப்பான் மாட்டியிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவருக்கு இரண்டு மகள்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரை எனக்கு முன்பின் பழக்கமில்லை.

அவளுக்கு வலது தொடையும் இடுப்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். நினைவு திரும்பியதும் முதலில் கேட்டது, அந்த ஆளுக்கு எப்படி இருக்கிறது என்று. யாரோ நர்ஸ் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீங்கள் வந்து கேட்டபோது, தவறு முழுக்கத் தன் கண்ணுடையது, கண்ணில் கோளாறு இருப்பது தெரிந்தும் மறைத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாஸ்டர் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரத்தில் நின்று, நான் இறங்கியிருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தன் தவறுகளைப் பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ள அவள் விமானத்துக்குள் செல்போனை ஒட்டி வைத்திருந்தாள். அதில் பதிவானதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். தரை நெருங்கும்போது அவள் குரல் கேட்கிறது. நிதானமாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், ஒண்ணு, ரெண்டு என்கிறாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. எதற்காக எண்ணினாள் என்று அவளைக் கேட்டபோது, பயத்தைப் போக்க எண்ணினேன் என்று சொன்னாளாம்.

அது உண்மையல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் நான் சொன்ன வழி அதுதான். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: “உன் கண்ணு தரையைச் சீக்கிரமே கிட்டக் காட்டுது. அதனால தரை கிட்டத் தெரிஞ்சா அதை நம்பாத. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டு அப்புறம் மூக்கைத் தூக்கு.”

அவள் அதை என் முன்னால் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மாஸ்டரோடு போன சுற்றில் அவளுக்குத் துணிவு வரவில்லை போலிருக்கிறது, பாதியில் மூக்கைத் தூக்கிவிட்டாள். தனியாகப் போனபோது முழுதாக எண்ணினாள். அவள் கண் அன்று சரியாகத்தான் பார்த்தது. தரை கிட்டே இருந்தது, கிட்டே தெரிந்தது. அவள் கண்ணை விட்டுவிட்டு என் சொல்லை எடுத்துக்கொண்டாள். என் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதென்றுதான் உங்களிடம் பயம் என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு எண்ணினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அந்த வேகத்தில் இரண்டு எண்ணுவதற்குள் தரை வந்துவிடும் என்பதைக் கடையில் ஒரு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அவள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் அடிபட்டால் போதும் என்று நினைத்தேன். விமானத்தில் ஒரு திருகாணியைக்கூட நான் தொடவில்லை, ஆனாலும் அதைத் தரையில் மோதியது நான்தான். அந்தப் புல் வெட்டியவரைக் கொன்றதும் நான்தான். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறாள். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு சாயங்காலத்தில் என்னோடு நடக்க வருகிறாள். தெருவைக் கடக்கும் இடத்தில் நின்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். வருகிற வண்டியைப் பார்க்கவே மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். “தூரமா வருதா, கிட்ட வருதா, சொல்லுங்க,” என்பாள். நான் சொல்லும் வரை ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டாள். இந்தப் பதினோரு வருடத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை, ஐயா. நான் உள்ளே போய்விட்டால் அவளுக்கு யார் பார்த்துச் சொல்வார்கள் என்பதுதான் எனக்கு இப்போது ஒரே கவலை.